வீட்டிலேயே கோல்ஃப் வலை: எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் இருப்பவர் கோல்ஃப் ஆட, மலையேறி கொடைக்கானல் போகணும். அங்குள்ள கிளப் 1895-ல் தொடங்கியது. அடித்துப் பழக மட்டும் வீட்டுக் கொல்லையே போதும்.

சவுக்குக் கம்பு, பழைய ஜமுக்காளம், அடியில் தேங்காய் நார் மிதியடி... இதிலெல்லாம் மிச்சம் பிடிக்கலாம். வலையில் கூடாது. பந்தின் விட்டம் சுமார் 43 மி.மீ.தான். கண்ணி அதைவிடப் பெரிதாக இருந்தால் பந்து நேரா பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு! 25 மி.மீ. கண்ணி நல்லது.

பலரும் செய்யும் தப்பு, வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில்கூட பாயும் பந்து, அடித்தவர் முகத்துக்கே திரும்பும். தொளதொளன்னு தொங்கட்டும், ஒரு அடி தள்ளி பின்னால் ஜமுக்காளம். கம்புகளுக்கு ஸ்பாஞ்ச் சுற்றி, 10 அடி தள்ளி நில்லுங்க. வெயிலில் நைலான் இற்றுப்போகும், அடிக்கடி இழுத்துப் பாருங்க.