ஆமை நடைக்குப் பெயர் கொடுக்கும் முன்

ஆமை பார்க்கலாம் என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கடற்கரைக்கு வருகிறவர்களில் பலர், விடியற்காலையில் ஆமையைப் பார்க்காமலேதான் வீட்டுக்குப் போகிறார்கள். மணலில் நடந்து கெண்டைக்கால் வலிக்கும். சத்தம் போடக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரை நீளும் இந்தக் கரையில் கடலாமைகளுக்கு உதவ விரும்புகிற ஒரு தன்னார்வலர் பெரும்பாலும் செய்யப்போவது நடப்பது, பார்ப்பது, நோட்டில் எழுதுவது. மிச்ச நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. இந்தக் கடைசி வேலைதான் கற்றுக்கொள்ளக் கஷ்டமானது.

இங்கே வருவது பங்குனி ஆமை. செய்தித்தாள்களில் ஆலிவ் ரிட்லி என்று எழுதுவார்கள். தை பிறக்கும்போதே கரையேறத் தொடங்கி மார்ச் வரை முட்டையிடும். குஞ்சுகள் வெளிவருவது ஏப்ரல், மே வரை போகும். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் இதே ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நம் கரையில் அந்தத் திருவிழா கிடையாது. இன்று ராத்திரி நெம்மேலிக்குப்பத்தில் ஒன்று ஏறலாம், நாளை பட்டிபுலத்தில் இரண்டு, அடுத்த மூன்று நாள் எங்கேயும் ஒன்றுமில்லாமல் போகலாம். எங்கே ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், கரை முழுக்க யாராவது நடந்துதான் ஆக வேண்டும்.

நடக்கத் தொடங்கியவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல. 1970களின் தொடக்கத்தில், ரோமுலஸ் விட்டேகர் நிறுவிய சென்னை பாம்புப் பண்ணையைச் சுற்றி இளைஞர்கள் சிலர் கூடினார்கள். அவர்கள்தான் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் கரையில் இரவிரவாக நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினார்கள். அவர்களில் சதீஷ் பாஸ்கர் சென்னை ஐஐடியில் படித்தவர். பிறகு நாட்டின் கடற்கரைகளையெல்லாம் கால்நடையாக அளந்தார். 1982இல் லட்சத்தீவுகளின் ஆளில்லாத சுஹேலித் தீவில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஒவ்வொரு பருவத்திலும் நடப்பவர்கள் இவர்கள்தான். படித்து முடித்து மாணவர்கள் போய்க்கொண்டே இருக்க, குழு மட்டும் நிற்கிறது. 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் வேறு வழியில் போனது. கரையோரக் குப்பங்களின் மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றுவித்தது. என்னைக் கேட்டால் இரண்டாவது வழியே உறுதியானது. நகரத்துப் பிள்ளைக்குப் பரீட்சை வந்தால் நடை நின்றுவிடும். குப்பத்துப் பையன் எப்படியும் விடியுமுன் கரையில்தான் இருப்பான்.

நடை எப்படி நடக்கும்? அலை நனைத்த மணலும் காய்ந்த மணலும் சேரும் இடத்தை ஒட்டி நான்கைந்து பேர் போவார்கள். தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. பெண் ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி ஏறுவதால் மணலில் முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒரு வரி விழும். ஏறியதற்கு ஒன்று, இறங்கியதற்கு ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மணல் கிளறிக் கிடந்தால் கூடு பக்கத்தில் இருக்கிறது. ஆமை வெறுமனே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தால் கூடு இருக்காது. நாயோ மனிதரோ வெளிச்சமோ குறுக்கே வந்தால் அது முட்டையிடாமலே திரும்பிவிடும். அந்த வெறுந்தடத்தையும் எழுதி வைப்பார்கள்.

ஆமை முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால் பின்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். பின்துடுப்புகளால் அது தோண்டும் குழி, கழுத்து சிறுத்து அடி பெருத்த மண்பானை மாதிரி இருக்கும். ஆழம் ஒன்றரை அடி. அதில் நூறு, நூற்றிருபது முட்டை. பிறகு மணலைத் தள்ளி மூடி, உடம்பை இரண்டு பக்கமும் தட்டித் தட்டி அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விடும்.

ஆமைக் கூட்டை அது இட்ட இடத்திலேயே விட்டுவிடுவதுதான் முறைப்படி நல்லது. ஆனால் தெருநாய்கள் கூட்டைத் தோண்டும் இடத்திலும், கடலரிப்பு கரையைத் தின்னும் இடத்திலும், ஈ.சி.ஆர். ஓரத்து விளக்குகள் விடிய விடிய எரியும் இடத்திலும் விட்டுவைப்பது முட்டையைக் கைவிடுவதுதான். அங்கேதான் பொரிப்பகம் வருகிறது. வனத்துறையின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவர் முட்டைகளை எடுப்பார். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் முட்டை புரண்டால் கரு செத்துவிடும். துணிப்பையில் அசங்காமல் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவத்தில் தோண்டிய குழியில் வைத்து, தேதி, இடம், எண்ணிக்கை எழுதிய அட்டையைக் குத்தி வைப்பார்கள்.

அனுமதி என்று சொன்னது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல. கடலாமை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. நல்லெண்ணத்தோடுதான் முட்டையை எடுத்து வீட்டுத் தோட்டத்து மணலில் புதைத்தேன் என்று சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது குற்றமே.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வெளிவரும். மணலின் சூட்டைப் பொறுத்து நாள் கூடும், குறையும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணல்தான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அதனால்தான் பல பொரிப்பகங்களில் வெயில் ஏற ஏற நிழலுக்குக் கூரை போடுகிறார்கள். கூட்டின் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்து, ராத்திரி முழுக்க அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். வெளிவந்த குஞ்சை உடனே விட்டுவிட வேண்டும். அலைக்குச் சில மீட்டர் முன்பாகவே மணலில் விட்டுவிடுவார்கள், அது தானே ஊர்ந்து போகும்.

இந்த இடத்தில் ஒரு சங்கடம் உண்டு. குஞ்சு விடுவதைப் பார்க்க மக்கள் கூடுகிறார்கள். பள்ளிக்கூடங்கள் பஸ் போட்டு வருகின்றன. பிரமுகர் வருகிறார், கேமரா வருகிறது. ‘கொஞ்சம் பொறுங்கள், இன்னும் சிலர் வர வேண்டும்’ என்று குஞ்சுகளைத் தொட்டியில் வைத்திருப்பது அவற்றுக்குக் கெடுதல். வெளிவந்த வேகத்திலேயே ஓடி, ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்தி ஆழத்துக்குப் போவதற்கான தெம்பை மட்டும்தான் முட்டையின் மஞ்சள் கரு குஞ்சுக்குக் கொடுத்திருக்கிறது. தொட்டியில் துடுப்படித்தே அந்தத் தெம்பு தீர்ந்துவிடும். விடிந்த பிறகு விட்டால் காக்கையும் பருந்தும் காத்திருக்கும். குழந்தைகள் ஒருமுறை பார்த்தால் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நேரத்தை முடிவு செய்ய வேண்டியது குஞ்சு. ‘ஆறு மணிக்கு வாருங்கள், கையில் எடுத்து நீங்களே விடலாம்’ என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போகாதீர்கள்.

செத்த ஆமைக்கு வருவோம். புதிதாக வருகிறவர்களிடம் யாரும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஜனவரியில் நடப்பவர்கள் உயிருள்ள ஆமையைவிடச் செத்து ஒதுங்கியதையே அதிகம் பார்ப்பது உண்டு. ஓட்டின் நீளத்தை டேப் வைத்து அளந்து, வாலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று குறித்து (ஆணுக்கு வால் நீளம்), மறுநாள் வருகிறவர் இரண்டாம் முறை எண்ணாமலிருக்க ஓட்டில் பெயிண்ட் கோடு இழுத்து, வனத்துறைக்குச் சொல்லி, புதைக்க வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதன் தெற்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதாகச் செய்தி வந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது. இந்த மாதிரி எண்களுக்கு அடியில் இருப்பது நடப்பவர்களின் நோட்டுப் புத்தகம்தான்.

ஏன் சாகின்றன? ஆமைக்கு இருப்பது நுரையீரல். மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். கரைக்குப் பக்கத்தில் விசைப்படகுகள் இழுவலையை மணிக்கணக்கில் இழுக்கும்போது உள்ளே மாட்டிய ஆமை மேலே வர வழியில்லாமல் மூச்சுத் திணறிச் சாகிறது. முட்டையிடும் காலத்தில் ஆமைகள் கரையோரமாகவே திரிவதால் அடி பலமாக விழுகிறது. கரையை ஒட்டி 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்க வழிவிடும் கருவியும் இருக்கிறது. கருவியில் மீனும் கொஞ்சம் தப்பிவிடும் என்பதால் அதைப் பொருத்தப் பலருக்கு மனமில்லை. சிறிய ஃபைபர் படகுக்காரர்களுக்கும் கரையோரம் வரும் இழுவைப்படகுகள் மீது கோபம் உண்டு, அவர்கள் வலையை அவை அறுத்துக்கொண்டு போகின்றன. ஆகவே ‘மீனவர்கள் ஆமையைக் கொல்கிறார்கள்’ என்று குப்பத்தில் போய்ப் பேசுகிற தன்னார்வலர், தன் பக்கம் இருக்கிறவரையே எதிரியாக்கிவிட்டு வருகிறார்.

நடக்க முடியாதவர்களும் செய்யக்கூடிய ஒன்று விளக்கை அணைப்பது. குஞ்சு கடலைக் கண்டுபிடிப்பது வெளிச்சத்தை வைத்து. இயற்கையில் இரவில் கடல் பக்கம்தான் வெளுப்பாக இருக்கும். ரிசார்ட் விளக்கு அதைவிடப் பளிச்சென்று எரிந்தால் குஞ்சு ரோட்டுப் பக்கம் போய்விடும். ஜனவரி முதல் மே வரை மாமல்லபுரம் பக்கம் தங்கப்போனால், கடலைப் பார்த்த அறையின் திரையை இழுத்துவிடுங்கள். பால்கனி விளக்கை அணைத்துவிட்டு, தோட்டத்து ஃபோகஸ் விளக்கைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பும்படி மேனேஜரிடம் கேளுங்கள். கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிளாஸ்டிக்கையும் அறுந்த வலைத்துண்டையும் எடுங்கள், அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் பிடுங்காதீர்கள். மணல்மேட்டைக் கட்டிப் பிடித்திருப்பவை அவைதான்.

கடல் வேண்டாம், பறவைதான் பிடிக்கும் என்றால் மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. 2022இல் இரண்டும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை முதலில் காத்தது அந்த ஊர்க்காரர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் பாதுகாப்பு உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அதில் கணக்கும் இருந்தது: நீர்க்கடம்பு மரங்களில் அடையும் நாரைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகப் போகிறது. இங்கே தன்னார்வலர் செய்வது எண்ணுவது. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின்போது நத்தைகுத்தி நாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை, கரண்டிவாயன் எத்தனை என்று விடியற்காலையில் அனுபவசாலி ஒருவரோடு நின்று எண்ணப் பழகலாம். முதல் வருஷம் கொக்குகளைப் பிரித்தறியவே போதும் போதும் என்றாகிவிடும்.

பாம்பு பிடிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. இந்தப் பகுதி இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அது தலைமுறை தலைமுறையாக வந்த தொழில், பத்து வீடியோ பார்த்துக் கற்பதல்ல.

ஆமை நடைக்குப் பெயர் கொடுப்பது சுலபம். பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களை அழைத்துப்போகும் நடைகள் உண்டு. முன்பதிவு செய்ய வேண்டும். அடர்நிற உடை, தண்ணீர் பாட்டில், வீட்டில் சொல்லிவிட்டு வருவது, இவ்வளவு போதும். வெள்ளை டார்ச் வேண்டாம். செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். முதல் நடையிலேயே யாரும் உங்களை முட்டையைத் தொட விட மாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொடர்ந்து வந்தால் ஒரு வேலை நிச்சயம் கிடைக்கும். குஞ்சுகள் போன சில நாள் கழித்து ஒவ்வொரு கூட்டையும் தோண்டிப் பார்க்க வேண்டும். பொரித்த ஓடு எத்தனை, பொரிக்காத முட்டை எத்தனை, உள்ளேயே செத்த குஞ்சு எத்தனை என்று பிரித்து எண்ணி எழுதினால்தான் அடுத்த வருஷம் எந்த வரிசைக்கு நிழல் போடுவது, எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று முடிவு செய்ய முடியும். கூமுட்டை நாற்றம் ரெண்டு சோப்புக்கும் போகாது. குஞ்சு விடும் நாளில் கூடுகிற கூட்டத்தில் ஒருவர்கூட இதற்கு வருவதில்லை. ஏப்ரலில் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கே வரச் சொல்வார்கள்.