வெளிநாட்டுக் கூட்டுத் திட்டமா? கையெழுத்துப் போடும் முன்...

மரபு விதை, மண்வளம், பங்கேற்பு உத்தரவாதச் சான்று என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்து வேலை செய்யலாம் என வெளிநாட்டு அமைப்புகள் நம்ம உழவர் சங்கங்களைத் தேடி வருகின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால், வங்கியில் கணக்குப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சில விஷயங்கள் முதலில் படும்.

முதல் விஷயம் பணம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் ஒரு ரூபாய்கூட நன்கொடை வாங்க முடியாது. பதிவு வேண்டுமென்றால் சங்கத்துக்கு மூன்று வயதாவது ஆகியிருக்கணும். கடந்த மூன்று நிதியாண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிகளுக்குச் செலவழித்திருக்கணும். சின்னச் சங்கங்களுக்கு இது மலைதான். அவர்கள் ஒரு குறிப்பிட்ட கொடையாளர், ஒரு குறிப்பிட்ட திட்டம் என்று காட்டி முன் அனுமதி கேட்கலாம். பணம் வந்து இறங்குவது புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான். அங்கிருந்து ஊர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"எங்களுக்குப் பதிவு இருக்கு, உங்க பங்கை நாங்க தர்றோம்" என்று பெரிய தொண்டு நிறுவனம் ஏதாவது சொன்னால் அங்கேதான் நிற்கணும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றவே முடியாது. இரண்டு பேருக்கும் பதிவு இருந்தாலும் முடியாது. பெரிய அமைப்பே நேரடியாக வேலையைச் செய்து, தன் கணக்கிலேயே செலவு எழுதணும். நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு இது 50 ஆக இருந்தது. சின்னச் சங்கங்களை இந்தத் திருத்தம் ரொம்பவே முடக்கிவிட்டது என்பது என் கருத்து. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

அடுத்தது பட்டம். பல வெளிநாட்டு அமைப்புகளுக்கு ஆண்டுக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். ஆடிக்கும் தைக்கும் இந்த இரண்டு கணக்கும் தெரியாது! எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்துக்குப் பசுந்தாள் விதைக்கான பணம் கார்த்திகையில் வந்து சேர்ந்தது. சம்பா நட்டு, தூர் கட்டி நிற்கிறது. தக்கைப்பூண்டை எங்கே விதைப்பது? டிசம்பருக்குள் செலவைக் காட்டச் சொல்லி அவர்களிடமிருந்து கடிதம் வேறு. சங்கத்துச் செயலாளர் உடனே பயிர்க் காலண்டரை வரைந்து அனுப்பி, வைகாசி வரை தவணை கேட்டார். ஒப்புக்கொண்டார்கள். முன்கூட்டி எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். செலவழித்துவிட்டுக் காரணம் சொன்னால் தணிக்கையில் மாட்டுவோம். அதனால் முதல் தவணை ஆனிக்குள் வரணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்க.

மூன்றாவது விதை. எனக்கு அதிகக் கவலை இதில்தான். வந்த விருந்தாளி ஒரு கைப்பிடி மாப்பிள்ளைச் சம்பா கேட்பார். கொடுத்து அனுப்புவது நம்ம வழக்கம். ஆனால், 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டவர் நம் விதையை ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ எடுத்துப்போக தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. விதைக்கு மட்டுமல்ல, விதை சார்ந்த அறிவுக்கும் இதே விதிதான். நம்ம பாட்டி சொல்லும் விதை நேர்த்தியை வீடியோ எடுத்தால் அது யாருடையது, எங்கே பயன்படுத்துவார்கள் என்பதை எழுதி வாங்கணும். அங்கிருந்து விதை வருவதானாலும் சும்மா தபாலில் வரவழைக்க முடியாது. இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் கட்டாயம்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் வரும். தலைவரும் செயலாளரும் மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டால் போதாது. தமிழில் பெயர்த்துச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்க. மொழிபெயர்ப்புச் செலவையும் திட்ட பட்ஜெட்டிலேயே போடச் சொல்லிக் கேளுங்க, தருவார்கள்.