இடம் 180, மனு 600!

குழந்தைகளே, உங்கள் ஊரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர்கள், பெரிய மைதானம். இடம் 180தான். மனுப் போட்டவர்களோ 600 பேர். யாரைச் சேர்ப்பது?

இங்கிலாந்தில் இந்தத் தலைவலி ஆண்டுதோறும் உண்டு. அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. பெற்றோரின் கவனிப்பு இல்லாமல் அரசின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு முதலில் இடம் தர வேண்டும் என்பது சட்டம். மற்றவர்களுக்கு? பல பள்ளிகள் தூரத்தை அளக்கும். வீடு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அவ்வளவு நல்லது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளி நல்ல பெயர் எடுத்ததும் அக்கம்பக்கத்து வீடுகளின் விலையும் வாடகையும் ஏறிவிடும். வசதியுள்ளவர்கள் அங்கே குடிவருவார்கள். ஏழைப் பிள்ளையின் வீடு நாலு தெரு தள்ளிப் போய்விடும். கட்டணமே இல்லாத பள்ளிக்கு வீட்டு விலைதான் கட்டணம்! வேடிக்கையாக இல்லை?

பிரைட்டன் என்ற கடற்கரை நகரத்தில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். 2008-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கிய பெற்றோர் பலருக்குக் கோபம். எதிர்ப்புக் கிளம்பியது. ஆனாலும் குலுக்கல் நடந்தது. பலன் முழுசாகக் கிடைத்ததா என்றால், இல்லை. நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தார்கள். அந்தந்தப் பகுதிக்குள்தான் குலுக்கல். நல்ல பள்ளி இருக்கும் பகுதிக்குள் வீடு இல்லாதவர், சீட்டுப் பானைக்குள்ளேயே வரவில்லையே!

2011 செப்டம்பரில் இங்கிலாந்தில் 24 புதுப் பள்ளிகள் திறந்தன. 'ஃப்ரீ ஸ்கூல்' என்று பெயர். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூராட்சியின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டவை என்று அர்த்தம். பிறகு இன்னும் நிறைய வந்தன. புதுக் கட்டடம் வந்தாலும் பழைய கேள்வி போகவில்லை: வாசல் யாருக்குத் திறக்கும்?

ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம் தரும் திட்டம் அதே 2011-இல்தான் தொடங்கியது. 2014-இல் வந்த சேர்க்கை விதி இன்னொரு படி மேலே போனது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம் என்று அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தது. கவனியுங்கள், 'தரலாம்' என்றுதான் சொன்னது, 'தர வேண்டும்' என்று சொல்லவில்லை. இந்த ஓர் எழுத்து மாற்றம் போன்ற விஷயத்தில்தான் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு தொங்குகிறது.

பிரைட்டன் நகரமும் சும்மா இருக்கவில்லை. பள்ளியில் இலவச மதிய உணவு பெறத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு, 2025 செப்டம்பர் சேர்க்கையில் ஓர் அளவு வரை முன்னுரிமை கொடுத்தது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. பஸ்ஸுக்குக் காசு? ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு வயது 11 முதல் 16 வரை என்றால், அருகிலுள்ள மூன்று பள்ளிகளில் ஒன்றுக்குப் போய்வர உள்ளூராட்சியே ஏற்பாடு செய்யும். பள்ளி 2 மைலுக்கு மேல், 6 மைலுக்குள் இருக்க வேண்டும். ஏழாவது மைலில் இருக்கும் பள்ளிக்கு இந்தச் சலுகை கிடையாது.