மாணவன் தனக்கு எழுதும் உரை

ஒரு நூலுக்கு மூலம் ஒன்றே; உரைகள் பல. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. மூலத்தின் சொற்கள் மாறாதிருப்பவும், உரைக்கு உரை பொருள் வேறுபடுவதைத் தமிழ் கற்போர் நன்கறிவர்.

கல்வி வாழ்விலும் இத்தகைய மூலமும் உரையும் உண்டு. முதலாண்டுப் பரீட்சையில் ஒரு மாணவன் நூற்றுக்கு 38 புள்ளி பெற்றான் எனக் கொள்வோம். அந்த 38 என்பது மூலம். "இக்கல்விக்கு வேண்டிய அறிவு எனக்கு இல்லை" என அவன் அதற்கு உரை காணலாம். "இடம் புதிது; பாடம் புதிது; கற்கும் முறையும் புதிது; அதனால் நேர்ந்த குறை இது" எனவும் உரை காணலாம். புள்ளி இரண்டிடத்தும் ஒன்றே. ஆயினும் முதலாவது உரை புத்தகத்தை மூடச் செய்யும். இரண்டாவது உரை அதனை மறுபடியும் திறக்கச் செய்யும். கல்லூரி மாணவரின் வெற்றிக்கும், பின்னர் அவர் மேற்கொள்ளும் தொழிலின் வளர்ச்சிக்கும் ஏதுவாகும் உள்ளக் கூறுகள் யாவை என வினவுவோர், இவ்வுரை வேறுபாட்டிலிருந்து தொடங்குதல் நன்று.

உளநூலார் இதனைச் சோதித்தும் பார்த்துள்ளனர். திமோதி வில்சன், பற்றீசியா லின்வில் என்னும் இருவர் 1982ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். தம் புள்ளிகளை எண்ணிக் கவலையுற்ற முதலாண்டு மாணவர் சிலருக்கு அவர்கள் தெரிவித்த செய்தி மிக எளியது: முதலாண்டிற் பலர் இடர்ப்படுவர், பின்னர்ப் புள்ளிகள் உயரும் என்பதே அது. மேல்வகுப்பு மாணவர் தம் அநுபவத்தைத் தாமே எடுத்துரைக்கும் படக்காட்சியும் காட்டப்பட்டது. இச்செய்தியைக் கேளாத மாணவருள் நூற்றுக்கு 25 பேர் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கல்லூரியை விட்டு நீங்கினர். கேட்டவருள் நீங்கியோர் நூற்றுக்கு 5 பேரே. ஆராயப்பட்டோர் தொகை சிறிது. ஆதலின் இவ்வெண்களை முடிந்த முடிபாகக் கொள்ளல் பொருந்தாது. எனினும், பின்வந்த பல ஆராய்ச்சிகளுக்கு இது வழிதிறந்தது.

நிகழ்ந்த தோல்விக்கு மட்டுமன்றி, இனிச் செய்யவிருக்கும் செயலுக்கும் மனம் முன்கூட்டியே உரை எழுதிவிடுகின்றது. "இதனை என்னாற் செய்ய முடியும்" என்னும் துணிபின் வலியை அல்பேட் பண்டுரா என்னும் அறிஞர் 1977இல் விரித்துரைத்தார். தமிழில் அதனைத் தன்னாற்றல் நம்பிக்கை எனலாம். தானே செய்து வெற்றி காணல், தன்னை ஒத்தோர் செய்யக் காணல், நம்பத்தக்கோர் ஊக்கிக் கூறக் கேட்டல், உடலின் படபடப்புத் தணிதல் என்னும் நான்கு வழிகளால் அது வளரும் என்பது அவர் கொள்கை. இவற்றுள் முதலாவதே வலியது. பத்துமுறை "நீ கெட்டிக்காரன்" என்பதிலும், மாணவன் தன் முயற்சியாற் செய்து முடிக்கத்தக்க ஒரு கணக்கைக் கொடுத்து அவனையே முடிக்கச் செய்வது பெரும்பயன் தரும்.

திருவள்ளுவர் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என மூன்று அதிகாரங்களை வெவ்வேறாக வகுத்தமை இங்கே கருதத்தக்கது. உள்ளத்தின் எழுச்சி வேறு. இடையறா முயற்சி வேறு. துன்பம் வந்துழிக் கலங்காமை வேறு. "உற்சாகமாக இரு" என்னும் ஒரு சொல்லால் மூன்றையும் மாணவனுக்கு ஊட்டிவிடலாம் என எண்ணுவோர் அவ்வகுப்பு முறையைச் சிந்திப்பாராக.

தொழிலைத் தெரிவு செய்வதிலும் இந்நம்பிக்கையின் ஆட்சியைக் காணலாம். நான்சி பெற்ஸ், கெயில் ஹக்கெற் என்னும் பெண்மணிகள் இருவர் 1981இல் அமெரிக்கக் கல்லூரி மாணவரை ஆராய்ந்தனர். கணக்கிலும் மொழியிலும் ஆண் பெண் இருபாலாரின் திறனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஆடவர்க்கே உரியன என வழங்கிய தொழில்களுக்கு வேண்டிய கல்வியைத் தம்மால் முடிக்கவியலும் என்னும் நம்பிக்கை பெண்களிடத்துக் குறைந்திருந்தது. வாயிற் கதவை எவரும் சாத்தவில்லை எனினும், உள்ளே புகுமுன் கால் தயங்கியது. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும் நாளில் நிகழ்வதாக நாம் எண்ணும் தெரிவு, பல ஆண்டுகளுக்கு முன்னரே மனத்துள் நிகழ்ந்துவிடுகின்றது.

"என்னால் முடியுமா?" என்பது ஒரு வினா. "நான் இவ்விடத்துக்கு உரியவன்தானா?" என்பது அதனினும் ஆழமான வினா. கிரகரி வோல்ற்றன், ஜெப்ரி கோஹன் என்போர் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வினாவைப் பற்றியது. தாம் அந்நியர் என்னும் எண்ணம் முதலாண்டில் எல்லார்க்கும் வரும், பின்னர் நீங்கும் என்னும் செய்தியை மாணவர் படித்தனர். அதனைத் தம் அநுபவத்தோடு பொருத்திக் கட்டுரை எழுதினர். பின்வரும் மாணவருக்கு உதவும்பொருட்டு அதனைப் படக்கருவியின் முன் வாசித்தனர். உதவி பெறுவோராக அன்றி உதவி செய்வோராகவே அவர் நடத்தப்பட்டமை கவனிக்கத்தக்கது. இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்றாண்டுகளிற் கறுப்பின மாணவரின் புள்ளிகள் உயர்ந்தன. வெள்ளையின மாணவர்க்கும் அவர்க்கும் இடையேயிருந்த வேறுபாடு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அம்மாணவரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்த கட்டுரை 2020இல் வெளிவந்தது. முதலாண்டிற் பெற்ற அப்பயிற்சிக்கு ஏழு முதற் பதினோர் ஆண்டுகளின் பின்னரும், அதனைப் பெற்ற கறுப்பினத்தார் தம் தொழிலிற் கூடிய நிறைவும் வெற்றியும் கண்டனர். காரணத்தை ஆராய்ந்தபோது, அவர் கல்லூரியில் ஒரு வழிகாட்டியைத் தேடி அடைந்திருந்தமை புலனாயிற்று. தன்னை அந்நியன் என எண்ணுவோன் ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டான். உரியவன் என எண்ணுவோன் தட்டுவான். அன்று தொடங்கிய பேச்சே பின்னர் அறிவுரையாகவும், பரிந்துரைக் கடிதமாகவும், தொழிலாகவும் விரிகின்றது.

இனி, இக்கொள்கையின் எல்லையையும் கூறுதல் வேண்டும். மனத்தை மாற்றினால் யாவும் மாறும் எனச் சிலர் இதனைப் பெருக்கிப் பேசுவர். 22 கல்வி நிலையங்களில் 26,911 மாணவரிடையே நிகழ்ந்த பெருஞ்சோதனையின் முடிபு 2023இல் வெளியாயிற்று. மாணவர் உண்மையாகவே ஒன்றிக் கலந்து வாழ இடந்தந்த நிலையங்களில் மட்டுமே அச்செய்தி பயன் தந்தது. அத்தகைய இடமில்லாத நிலையங்களில் அது பயன் தரவில்லை. உரைக்குச் சான்று வேண்டும் என்பது உரையாசிரியர் மரபு. "நீ எம்மவன்" எனக் கூறும் கல்லூரி, அதற்குரிய சான்றைத் தன் நடையிற் காட்டுதல் வேண்டும். காட்டாவிடின், பழியை மாணவனின் மனத்தின்மேற் சுமத்துவது அறமாகாது.

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது. தமிழிற் பதின்மூன்று ஆண்டுகள் கற்று, மருத்துவத்தையோ பொறியியலையோ ஆங்கிலத்திற் கேட்கத் தொடங்கும் பிள்ளை முதல் மாதத்தில் ஒன்றும் விளங்காது திகைப்பது இயல்பு. அத்திகைப்புக்கு உரை கூறத்தக்கவர் சிரேட்ட மாணவரே. "நானும் இவ்வாறே திகைத்தேன்; ஆறு மாதத்தில் தெளிந்தது" என்னும் ஒரு வாக்கியம் அவரிடமிருந்து வருதல் வேண்டும். அதற்கு மாறாக வருவது பகிடிவதையாயின், "நீ இங்கே உரியவன் அல்லன்" என்பதே அப்பிள்ளை கேட்கும் முதற்பாடம் ஆகும். பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தண்டனைக்கு அஞ்சி வாளாவிருத்தலைச் சட்டம் தரலாம்; வரவேற்பைத் தருதல் மனிதரின் கடன்.

ஆசிரியர்க்கும் கடன் உண்டு. திருத்திய விடைத்தாளிற் புள்ளியை மட்டும் எழுதுவோர் மூலத்தை மட்டும் கொடுத்து விடுகின்றனர். உரையை மாணவன் தனியே, இரவிலே, கலங்கிய மனத்தோடு எழுதிக்கொள்கின்றான். புள்ளியின் அருகே பிழை எங்கே நேர்ந்தது, அடுத்து எதைப் படித்தல் வேண்டும், எந்நாளில் வந்து தம்மைக் காணலாம் என மூன்று வரி எழுதுவதற்கு ஆகும் காலம் சில நிமிடங்களே. இத்தவணை விடைத்தாள்கள் கைக்கு வரும்போது அம்மூன்று வரிகளையும் எழுதுவோமாக.