கொதித்த நீரெல்லாம் நல்ல நீரா?

மாத்தளை மாவட்டத்தில் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 இல் நீர் தேக்கத் தொடங்கினர். அதற்காக ஊரையும் வயலையும் விட்டு வந்த குடும்பங்களுக்குப் புதிய காணி கிடைத்தாலும், கிணற்று நீர் பழைய ஊரின் நீராக இராது. பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் இதனையே செயற்றிட்டமாக எடுக்கலாம்.

இரு போத்தல்களில் மழைநீரையும் கிணற்று நீரையும் சம அளவில் எடுத்து, சவர்க்காரத் துருவல் இட்டுக் குலுக்கட்டும். மழைநீர் நன்கு நுரைக்கும். கிணற்று நீரில் நுரை குறைந்து வெண்கசடு தோன்றினால் அது வன்னீர். அதில் கல்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இவற்றாலேயே.

ஆனால் உலர் வலயக் கிணறுகள் பலவற்றில் உள்ள புளோரைட்டை இச்சோதனை காட்டாது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்தால் வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் பாதிக்கப்படலாம். கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

எனவே பிள்ளைகளின் போத்தலோடு நின்றுவிடாமல், ஊரவராக ஒன்றுகூடி, கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதித்துத் தருமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கேட்போம். அந்த முடிவையும் பிள்ளைகள் கண்காட்சியில் வைக்கட்டும். அதுவரை சுத்தமான கூரையிற் சேர்த்த மழைநீரைக் கொதிக்கவைத்துப் பருகுவோம்.