55 வண்டியில் ஒன்று: ஒரு பழைய விடெக்கின் டைமிங் பெல்ட் கணக்கு

ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998-இல். 1,493 சிசி, 106 குதிரைத்திறன் கொண்ட அதன் விடெக் ரகம் 2000-இல் வந்தது. ஆவணத்தில் அது நான்கு கதவு செடான். ஓட்டியவர்களுக்கோ அதுதான் கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.7 கி.மீ. பந்தயப் பாதையில் சிட்டி ரேஸ் வண்டியாகவும் ஓடியிருக்கிறது. அதே இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1999-இல் வெளிவந்த 1,495 சிசி ஆக்சென்ட்டும் இந்தத் தலைமுறைதான். இரண்டுமே டைமிங் பெல்ட் எஞ்சின். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் இந்த வண்டிகளை விற்க மனசு வராமல் வைத்திருப்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கு அவர்களுக்காக.

சிட்டியின் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 84.5 மி.மீ. 6,000 ஆர்பிஎம்-மில் கிராங்க் ஒரு நொடிக்கு 100 முறை சுற்றும், கேம் 50 முறை. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.9 மீட்டர். மேலிருந்து கீழே இறங்க அதற்கு 5 மில்லிநொடி போதும். 16 வால்வுகளும் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை கிராங்கிலிருந்து கேமுக்குச் சொல்வது அந்த ஒரு ரப்பர் பட்டைதான். அது அறுந்தால் கேம் நின்றுவிடும். கிராங்க் ஓடிய வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றும். திறந்தபடி நிற்கும் வால்வைப் பிஸ்டன் வந்து அடிக்கும். எல்லா எஞ்சினிலும் இப்படி ஆகாது. 1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியின் 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். சிட்டியும் ஆக்சென்ட்டும் அந்த ரகம் இல்லை.

இனி ரூபாய்க் கணக்கு. கீழே உள்ள தொகைகள் கணக்குப் போட நான் வைத்துக்கொண்டவை, விலைப்பட்டியல் இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைக்காரரும் உங்கள் மெக்கானிக்கும் சொல்லும் தொகையை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் 1,500. டென்ஷனர் 2,500. வாட்டர் பம்ப் 2,000. சிட்டியில் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான் என்பதால் அதுவும் இந்தக் கணக்கில் வருகிறது. கேம், கிராங்க் ஆயில் சீல்கள் 800. கூலன்ட் 700. ஆக, பொருள் 7,500. கூலி 4,000. மொத்தம் 11,500. வாகன உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே ஜிஎஸ்டி, 18 சதவீதம். கூலிக்கும் அதே 18. வரி 2,070 சேர்த்தால் பில் 13,570.

இதில் பெல்ட்டின் பங்கு வரியோடு 1,770 ரூபாய், அதாவது 13 சதவீதம். பேரம் முழுக்க நடப்பது இந்த 13-இல்தான். கூலியும் அதன் வரியும் 4,720. பெல்ட்டைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். வண்டி உயர உயர இந்த ஏற்றத்தாழ்வு கூடும். 1994 முதல் 1999 வரை வந்த ஃபெராரி எஃப்355-இல் பெல்ட் மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். அங்கே பெல்ட் விலையை யாரும் பேசுவதே இல்லை. 2004-இல் எஃப்430 வந்தபோது ஃபெராரி சங்கிலிக்கு மாறிவிட்டது.

சிக்கனம் பார்த்து பெல்ட்டை மட்டும் மாற்றினால் 1,500-உம் கூலி 4,000-உம் வரி 990-உம் சேர்ந்து 6,490. பாதிக்குப் பாதி மிச்சம்போலத் தெரியும். மூன்றாம் வருடம் டென்ஷனர் பேரிங் சத்தம் போட ஆரம்பித்தால் அதே இடத்தை மறுபடி பிரிக்க வேண்டும்: டென்ஷனர், புது பெல்ட், கூலி, வரி என 9,440. இரண்டும் சேர்ந்து 15,930. பம்ப்பும் சீலும் இன்னும் பழசாகவே இருக்கும்.

அறுந்தால் என்ன? வால்வு ஒன்று 600 என்றால் 16-க்கு 9,600. கேஸ்கெட் செட் 3,500. ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்தி வால்வு உட்காரவைக்க 6,000. ஹெட் கழற்றி மாட்டக் கூலி 12,000. இதோடு அந்த 7,500 ரூபாய்ப் பொருளும் மறுபடி. 38,600; வரியோடு 45,548. பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நல்ல நேரத்தில் வரும் தொகை இது.

இந்தத் தொகையை, மலிவு பெல்ட்டில் மிச்சமாகும் தொகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கணக்கு தெளிவானது. நல்ல பெல்ட்டுக்கும் மலிவு பெல்ட்டுக்கும் 700 ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம். வரியோடு 826. 45,548-ஐ 826-ஆல் வகுத்தால் 55. மலிவு பெல்ட் போட்ட 55 வண்டிகளில் ஒரே ஒன்று கூடுதலாக அறுந்தால் போதும், மற்ற 54 பேர் மிச்சம் பிடித்ததும் அதில் போய்விடும். 55-இல் ஒன்றுகூட அறுந்துபோகாது என்று எந்தக் கடைக்காரரும் எழுதித் தரமாட்டார். ஆகவே அந்த 700-ஐக் குறைக்கப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

அடுத்தது, எப்போது மாற்றுவது. ஓடோமீட்டர் இங்கே பாதி உண்மைதான் சொல்லும். 1,00,000 கி.மீ. தூரத்தை மணிக்கு சராசரி 50 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் ஓடிய நேரம் 2,000 மணி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்வரை ஊர்ந்து, சராசரி 20 கி.மீ. என்றால் 5,000 மணி. முதல் வண்டி 2,500 ஆர்பிஎம்-மில் ஓடினால் கிராங்க் சுற்று 30 கோடி. இரண்டாவது, நின்று நின்று சராசரி 1,400 ஆர்பிஎம் என்றாலும் 42 கோடி. தூரம் ஒன்றுதான். பெல்ட் சூட்டில் கிடந்த நேரம் இரண்டரை மடங்கு.

சூடு சாதாரண விஷயமில்லை. 1990-களின் இறுதியில் ஹோண்டா அமெரிக்காவில் விற்ற வண்டிகளின் கையேட்டில் பெல்ட்டுக்கு 1,05,000 மைல் கெடு. வண்டி வழக்கமாக 110 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஓடினால் 60,000 மைல் என்று அதே கையேடு சொன்னது. 43 சதவீதம் வெட்டு. 110 பாரன்ஹீட் என்பது 43 டிகிரி செல்சியஸ். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நமக்கு 43 தினசரி வெயில் இல்லை என்பது சரிதான். ஆனால் கத்திரியில் ஏசி போட்டு சிக்னலில் நிற்கும் எஞ்சினுக்கு அந்தக் குறைந்த கெடுவையே பொருத்துவேன். 60,000 மைல் என்றால் சுமார் 96,000 கி.மீ. அதற்கு முன்பே 5 வருடம் முடிந்தால் வருடமே கணக்கு. வருடத்துக்கு 2,000 கி.மீ. மட்டும் ஓடும் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு 5 வருடத்தில் 10,000 கி.மீ.தான் ஆகியிருக்கும். 13,570-ஐ அதால் வகுத்தால் கி.மீ.க்கு 1 ரூபாய் 36 காசு. கூடுதலாகத் தோன்றும். மாதத்துக்கு வகுத்தால் 226 ரூபாய்.

பந்தயப் பாதையில் பெல்ட் சீக்கிரம் தேயும் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் சுற்றுகள் அப்படிக் கூடுவதில்லை. 10 சுற்று, 37 கி.மீ., 20 நிமிடம், 6,000 ஆர்பிஎம்: கிராங்க் சுற்று 1,20,000. அதே 37 கி.மீ. தூரத்தை சாலையில் 37 நிமிடம் 2,500-இல் போனால் 92,500. வித்தியாசம் 30 சதவீதம்தான். ஆனால் பெல்ட்டை வெளியே இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 6,000-ஐ 2,500-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 5.76 மடங்கு. மூன்றாவது கியரிலிருந்து திடீரென இரண்டுக்கு இறக்கும்போது வரும் வெட்டு இழுப்பு இதற்கு மேல். அதனால் ஒரு பருவம் ரேஸ் ஓடிய வண்டியின் பெல்ட்டை கி.மீ. பார்க்காமல் மாற்றுவதே நியாயம்.

கடையில் பெல்ட்டைக் கையில் வாங்கியதும் முதுகைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 9010 முறையில் குறியிட்டிருந்தால் முதலில் பல் எண்ணிக்கை, பிறகு இரண்டு எழுத்து, கடைசியில் மி.மீ.-இல் அகலம். எழுத்து இசட் என்று தொடங்கினால் பல்லுக்குப் பல் 9.525 மி.மீ., ஒய் என்றால் 8 மி.மீ. பத்துப் பல்லுக்குள் 15 மி.மீ. விலகிவிடும் என்பதால் இதைத் தவறவிட முடியாது. ஏமாற்றுவது பல்லின் வடிவம். ஒரே இடைவெளி, ஒரே எண்ணிக்கை, ஒன்று சரிவக வடிவம், இன்னொன்று வளைவு. பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். பழைய பெல்ட்டைக் கூடவே எடுத்துப்போய்ப் பல்லோடு பல் பொருத்திப் பாருங்கள். அடுத்தது தயாரித்த தேதி. பெட்டி புதுசாக இருந்தும் பெல்ட் அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்திருக்கலாம். புதுப்பேட்டையில் ஹெட்டோ கியர்பாக்ஸோ பழசு வாங்கலாம். பெல்ட் வாங்கக்கூடாது.

பழைய காலத்துப் பெல்ட்டுகள் குளோரோபிரீன் ரப்பர். சுமார் 100 டிகிரி சூட்டைத் தாண்டினால் இறுகி வெடிப்பு விடும். எச்என்பிஆர் ரப்பர் 140 டிகிரி அளவுக்குத் தாங்கும். கண்ணாடி இழை நாண்கள்தான் உள்ளே இழுப்பைத் தாங்குபவை. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். 800 ரூபாய் சீல்களை நான் விடாமல் எழுதியது அதனால்தான். 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 வழியாகப் பெருமளவு தயாரிப்புக்கு வந்த இந்த டைமிங் பெல்ட் நுட்பத்துக்கு நம் பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. பெல்ட் தயாரிக்கும் கேட்ஸ் யூனிட்டாவின் ஆலை ஸ்ரீபெரும்புதூர் பகுதியில்தான் இருக்கிறது. கோவை எல்ஜிபி சங்கிலி செய்கிற நிறுவனம்; அவர்கள் பெயர் தாங்கிய பார்முலா எல்ஜிபி 1300 ரேஸ் வண்டியில் இருந்ததோ மாருதி எஸ்டீமின் 1,298 சிசி பெல்ட் எஞ்சின்.

மாட்டிய பிறகு உடனே சாவி போடவிடாதீர்கள். கிராங்க் சக்கரத்தில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்தால், ஒரு பல் தப்பினால் கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி பிசகும். ஸ்பானர் போட்டு கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று, 720 டிகிரி, மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். இந்த ஹோண்டா எஞ்சின் இடப்பக்கமாகச் சுற்றுவது. மற்ற வண்டிகளில் கைப்பழக்கம் உள்ளவர் வலப்பக்கம் திருப்பினால் டென்ஷனர் தளர்ந்து பல் தாண்டலாம். நடுவில் எங்காவது கட்டை தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். குறிகள் நேரே வந்து நின்றால், பெல்ட் கவரின் மேல் அழியாத மையில் கி.மீ., மாதம், வருடம் மூன்றையும் எழுதிவிட்டு மூடலாம்.