பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள்

மாதவிலக்கு வலியில் பவர் டேபிள் தையல் மெஷினில் குனிந்து உட்கார முடியாமல் தவிக்கும் பெண்ணுக்கு, டைம் கீப்பரோ சூப்பர்வைசரோ மேஜை டிராயரைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது திருப்பூர் வட்டாரத்தில் பலருக்கு உதவியாகவே படுகிறது. அட்டையை விட்டு உதிர்த்த மாத்திரை அது. பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழக ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் விசாரித்து வெளியிட்ட செய்தியில், அத்தனை பேரும் இப்படி லேபிள் இல்லாத மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று அரசு அப்போது அறிவித்தது. கண்காணிப்பு என்பது அந்த டிராயரைத் திறந்து பார்ப்பதில் தொடங்க வேண்டும். அதிகாரிகள் புகார் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். தொழிலாளிகள் யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

வலி மாத்திரை தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை. இபுபுரூபன், மெஃபனமிக் அமிலம் போன்றவை மாதவிலக்கு வலிக்கு டாக்டர்களே எழுதித் தருபவைதான். ஆனால் யாருக்கு, எத்தனை, எத்தனை நாள் என்று பார்த்துத் தருகிறார்கள். ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டு, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் உடம்பில் இவை குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். மெஃபனமிக் அமிலம் சிலருக்குத் தோல் தடிப்பும் காய்ச்சலுமாகத் தொடங்கி உள்ளுறுப்புகளைப் பாதிக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. கர்ப்பிணியின் இடுப்பு வலிக்கும் அதே டிராயர்தான் திறக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகள் வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். இன்னொன்று: விலக்கு என்று நினைத்த ரத்தப்போக்கு கருச்சிதைவாக இருக்கலாம், கருக்குழாயில் தங்கிய கருவாகவும் இருக்கலாம். அந்த வலியை அமுக்கிவிட்டு எட்டு மணி நேரம் தைப்பது உயிரோடு விளையாடுவது.

அவர்களே கேட்டுத்தான் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நிர்வாகங்கள் சொல்லும் பதில். அரை நாள் லீவு போட்டால் அரை நாள் சம்பளம் போகும், பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அன்றைய வருமானமே போகும் என்ற நெருக்கடியில் நீட்டும் கையைச் சம்மதம் என்று மருத்துவ நெறி ஏற்காது. எதை விழுங்குகிறோம், அதன் கெடுதல் என்ன என்று தெரிந்து, வேண்டாம் என்று சொல்லவும் முடிந்தால்தான் அது சம்மதம். சின்ன யூனிட்டில் டாக்டரை வைக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் டாக்டரும் நர்சும் உள்ள மருத்துவ அறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. சின்ன யூனிட்டுக்கு முதலுதவிப் பெட்டியும், முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆளும் போதும். அந்தச் சான்றிதழ் மருந்து எழுதித்தரும் உரிமை ஆகாது.

ஆகவே, மாத்திரை தந்தால் முதலில் அட்டையைக் கேளுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போனில் படம் எடுங்கள். அட்டை தர மறுத்தால் விழுங்காதீர்கள். மாத்திரையைத் தாளில் மடித்து, தேதி, நேரம், கொடுத்தவர் பெயர் எழுதி வையுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு உடம்பு சரியில்லை என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், கம்பெனியில் தந்த மாத்திரை என்று சொல்லி, அதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் பிறகு எந்த அலுவலகத்திலும் உங்கள் பேச்சு எடுபடாது. மருந்தின் பக்க விளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம். புகாரைத் திருப்பூர் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இணை இயக்குநருக்கு எழுதுங்கள். நகலை மருந்து ஆய்வாளருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் புகார் தந்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் 118ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உங்கள் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று மனுவிலேயே குறிப்பிட்டு எழுதுங்கள்.

இ.எஸ்.ஐ.க்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறதே என்பது உண்மை. இ.எஸ்.ஐ. தரும் நோய்க்காலப் பணத்தில் பொதுவாக முதல் இரண்டு நாள் சேராது. ஒரு நாள் வலிக்கு அது கிடைக்காது. ஆனால் மாதாமாதம் தாங்க முடியாத வலி என்றால் உள்ளே கட்டியோ வேறு கோளாறோ இருக்கக்கூடும். சிகிச்சைக்கு ஓய்வு தேவைப்பட்டால், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருப்பவருக்கு, டாக்டர் சான்றின் பேரில் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், நோய் வரும் நாளில்தான் அது தெரியவரும். பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1800-11-2526 எண்ணில் இந்த வாரமே கேளுங்கள். அதுவரைக்கும், மறுபடியும் சொல்கிறேன், அட்டை இல்லாத மாத்திரையை வாயில் போடாதீர்கள்.